யாழ்ப்பாணத்து வீதிகளுக்குக் கொயிலோவரைச் சீர்செய்தல்: குமிழைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

கொயிலோவர் (சொக்கும் அதைச் சுற்றிய ஸ்பிறிங்கும் ஒன்றாக, உயரம் மாற்றக்கூடியபடி வரும் தொகுதி) பூட்டிய கார் குழியில் விழுந்ததும் இடிக்கிறது என்றால், பெரும்பாலானவர்களின் கை முதலில் போவது சொக்கின் தலையில் இருக்கும், அதன் கடினத்தை மாற்றும் குமிழுக்குத்தான். இரண்டு கிளிக் இளக்கிப் பார்ப்பார்கள். பிறகு நான்கு. பிறகு எதிர்ப்பக்கம் இறுக்கிப் பார்ப்பார்கள். இடி நிற்காது. பல கார்களில் அந்த இடிப்புக்கும் குமிழுக்கும் தொடர்பே இல்லை. சொக் தன் ஓட்டத்தை, அதாவது அமுங்கக்கூடிய தூரத்தை, முடித்துக்கொண்டு உள்ளே இருக்கும் பம்ப் ஸ்டொப் என்ற ரப்பர் தடுப்பில் போய் மோதுகிறது. காதில் விழுவது அந்தச் சத்தம். ஓட்டம் இல்லாத இடத்தில் எத்தனை கிளிக் திருகினாலும் ஓட்டம் பிறக்காது.

என் காரில் கொக்குவில் புகையிரதக் கடவையைத் தாண்டும்போதெல்லாம் முன்பக்கத்தில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதைத் தீர்த்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். கார், 2000களின் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ். நான்கு சில்லுகளிலும் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது மேல்கை இல்லாமல் சொக்கே சில்லை நிமிர்த்திப் பிடிக்கும் அமைப்பு. கொயிலோவர், உயரத்தையும் ஸ்பிறிங்கின் முன்னழுத்தத்தையும் (காரின் எடை ஏறும் முன்பே ஸ்பிறிங்கை அமுக்கி வைக்கும் அளவு) தனித்தனியே மாற்றக்கூடிய வகை. உங்களுடையது எந்த வகை என்று அறிய, சொக்கின் அடிப்பகுதியைப் பாருங்கள். சொக்கின் உடல் கீழே உள்ள பிராக்கெட்டுக்குள் மரையாக இறங்கி, அதற்கென்று தனியே ஒரு பூட்டு வளையமும் இருந்தால் இந்த வகைதான். ஸ்பிறிங்கைத் தாங்கும் வளையம் மட்டுமே நகர்கிறது என்றால் மற்றது. அதில் உயரத்தையும் முன்னழுத்தத்தையும் பிரிக்க முடியாது.

சில்லைக் கழற்றிப் பூட்டுவது எப்படி என்று எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே கையைக்கூட நீட்டாதீர்கள். இரண்டு இரும்புத் தாங்கிகள் கட்டாயம். சொக்கின் உச்சியில் நடுவில் இருக்கும் நட்டை, ஸ்பிறிங் இறுகியிருக்கும்போது ஒருபோதும் கழற்றாதீர்கள்.

கருவிகள்

கொயிலோவர் பெட்டிக்குள் வரும் கொக்கி ஸ்பானர் மெல்லிய தகடு. உப்புக்காற்றில் இறுகிய வளையத்தை அதைக் கொண்டு திருப்பினால் ஸ்பானர் வளையும், வளையத்தின் பல் உடையும், கை கிழியும். நீண்ட கைப்பிடியுள்ள கனமான ஸ்பானர் இரண்டு வாங்குங்கள். ஒன்று வளையத்தைப் பிடிக்க, மற்றது பூட்டு வளையத்தைத் திருப்ப. நட்டுத் திருகும் காற்றுத் துப்பாக்கியை மரை வளையங்களுக்கும் சொக் தண்டின் நட்டுக்கும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். இவற்றோடு டோர்க் ஸ்பானர், அளவுநாடா, வெள்ளைப் பெயின்ற் பேனை, சில மெல்லிய கேபிள் டைகள் போதும்.

சமதளம் தேடுதல்

எங்கள் வீட்டுப் போட்டிக்கோக்களின் தரை மழைநீர் வழிந்தோடுவதற்காகச் சரிவாகப் போடப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அளவில் தெரியும். மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர்க்குழாய் மட்டம் இதற்கு மிகச் சிறந்தது. நான்கு சில்லுகளும் நிற்கும் இடங்களைக் குறித்து, தாழ்ந்த இடத்தில் பழைய ரைல்ஸ் துண்டுகளை அடுக்கி மட்டப்படுத்துங்கள்.

ரயர் காற்றைக் காலையில், கார் ஓடாதபோது சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாரதி இருக்கையில் உங்கள் எடைக்கு ஈடாக அரிசி மூடைகளை வையுங்கள். 25 கிலோ மூடை மூன்று வைத்தால் 75 கிலோ. பலருக்கும் அது சரியாக வரும். பெற்றோல் அரைத் தாங்கி இருக்கட்டும்.

உயரத்தைச் சில்லின் நடுப்புள்ளியிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் ரயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பும். ஜக்கிலிருந்து இறக்கிய கையோடும் அளக்கக் கூடாது. ரயர் பக்கவாட்டில் தரையைப் பற்றிக்கொண்டு காரை உயர்த்தியே வைத்திருக்கும். சில மீற்றர் முன்னும் பின்னும் உருட்டி, முன்னும் பின்னும் அமுக்கிவிட்டு, பிறகு அளவுநாடாவை எடுங்கள்.

எவ்வளவு தாழ்த்தலாம்

கம்பனி உயரத்திலிருந்து 20 முதல் 25 மில்லிமீற்றர். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. படலை வாசல் ஏற்றமும் ஒழுங்கைக் குழிகளும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சில்லைக் காரின் உடலோடு கீழே இணைக்கும் கீழ்க்கையின் சாய்வு. காருக்கு முன்னால் குனிந்து பாருங்கள். கீழ்க்கையின் உட்பக்கப் புஷ்ஷைவிட வெளிப்பக்கப் பந்து மூட்டு தாழ்ந்தோ, குறைந்தபட்சம் சமமாகவோ இருக்க வேண்டும். பந்து மூட்டு மேலே ஏறிவிட்டால், ஸ்ட்ரட் காரில் உருள்மையம் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். தாழ்ந்த கார் வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாய விரும்பும். குழியில் விழுந்தால் ஸ்ரியறிங் தானாக இழுக்கும். அழகுக்காகத் தாழ்த்தி ஓட்டத்தை இழப்பது காருக்குச் செய்யும் அநியாயம்.

முன்னழுத்தம்: அவசரப்படக் கூடாத இடம்

இங்கேதான் எனக்கு அதிக நேரம் போனது. நான் பார்த்த பல காணொளிகளிலும் 'முன்னழுத்தம் கூட்டினால் ஸ்பிறிங் கடினமாகும்' என்றே சொல்கிறார்கள். சீரான சுருள் கொண்ட ஸ்பிறிங்குக்கு அது பொருந்தாது. மில்லிமீற்றருக்கு 6 கிலோ ஸ்பிறிங், அதாவது ஒவ்வொரு மில்லிமீற்றர் அமுங்கவும் 6 கிலோ பாரம் கேட்பது, எப்போதும் மில்லிமீற்றருக்கு 6 கிலோதான். முன்னழுத்தம் மாற்றுவது, கார் நிற்கும்போது சொக் தன் ஓட்டத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை.

கணக்கோடு பார்ப்போம். முன்சில்லு ஒன்றில் சுமார் 400 கிலோ எடை. அதில் சில்லு, பிறேக், ஹப் எல்லாம் 40 கிலோ என்று வைத்தால், ஸ்பிறிங் தாங்குவது 360 கிலோ. 6 கிலோ ஸ்பிறிங் அந்த எடையில் 60 மில்லிமீற்றர் அமுங்கும். சொக்கின் மொத்த ஓட்டம் 120 என்றால், முன்னழுத்தமே இல்லாதபோது கார் சரியாக நடுவில் நிற்கிறது. மேல்நோக்கி மீதம் 60. பம்ப் ஸ்டொப்பின் நீளம் 40 என்றால், தடையின்றி அமுங்கக் கிடைப்பது வெறும் 20 மில்லிமீற்றர். தண்டவாளத்தின் மேல் ஏறியதும் முடிந்துவிடும் தூரம் அது. என் காரின் 'டங்' அங்கிருந்துதான் வந்தது.

இப்போது ஸ்பிறிங் வளையத்தை மேல்நோக்கித் திருகி 10 மில்லிமீற்றர் முன்னழுத்தம் கொடுங்கள். காரின் எடை ஏறினால் ஸ்பிறிங் அதே 60தான் அமுங்கும். அதில் 10 ஏற்கெனவே அமுங்கிவிட்டதால் சொக் உள்ளே போவது 50. மேல்நோக்கி மீதம் 70, தடையற்ற தூரம் 30. இருந்ததைவிட ஒன்றரை மடங்கு. ஆனால் காரும் 10 மில்லிமீற்றர் உயர்ந்திருக்கும். ஆகவே சொக் உடலைக் கீழ் பிராக்கெட்டுக்குள் 10 மில்லிமீற்றர் மேலும் இறக்குங்கள். உயரம் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஓட்டம் மட்டும் கூடியிருக்கும்.

எல்லை உண்டு. கீழ்நோக்கிய ஓட்டம், அதாவது குழிக்குள் சில்லு இறங்குவதற்கான தூரம், மொத்தத்தில் மூன்றில் ஒன்றுக்குக் குறையக் கூடாது. 120க்கு 40. அதைத் தின்றுவிட்டால் சில்லு குழியில் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும், ரயர் பிடி போகும். இன்னொன்று: உடல் பிராக்கெட்டுக்குள் இறங்கியிருப்பதால் முழுதாக அமுங்கும்போது சில்லு முன்பைவிட 10 மில்லிமீற்றர் மேலே வரும். மட்காட்டின் உட்பிளாஸ்டிக்கில் ரயர் உரசுகிறதா என்று ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். கார் தூக்கியிருக்கும்போது பிறேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இறுகி நிற்கவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது.

மில்லிமீற்றருக்கு 8 கிலோ ஸ்பிறிங் என்றால் அதே 360 கிலோவில் 45தான் அமுங்கும். முன்னழுத்தம் இல்லாமலே மேல்நோக்கி 75 மீதம். கடினமான ஸ்பிறிங் போட்ட சில கார்கள் குழியில் மென்மையாகப் போவது இதனால்தான். பம்ப் ஸ்டொப்பை வெட்டிக் குட்டையாக்கும் வேலையைச் செய்யாதீர்கள். அது போனால் சொக்கின் உள்வால்வு போகும்.

கேபிள் டை சோதனை

கணக்கு சரியா என்று காரிடமே கேட்கலாம். தூசுக் காப்பை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கும் சொக் தண்டில் மெல்லிய கேபிள் டை ஒன்றைச் சுற்றி, எண்ணெய்க் காப்பு ரப்பரை ஒட்டி வையுங்கள். வாலை நறுக்கிவிடுங்கள். கையால் தள்ளினால் நகர வேண்டும், தானாக விழக் கூடாது. வழக்கமாகப் போகும் வழியில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், சொக் எவ்வளவு தூரம் உள்ளே போனதோ அந்த இடத்தில் டை நிற்கும். தண்டின் மேல் படிந்த செம்மண் தூசியில் அதன் தடம்கூடத் தெளிவாகத் தெரியும். கடவைகளையும் வேகத்தடைகளையும் தாண்டிய பிறகு டை பம்ப் ஸ்டொப்பின் நுனியைச் சற்றே தொட்டிருந்தால் நல்லது. அதற்குள் புதைந்திருந்தால் முன்னழுத்தத்துக்குத் திரும்புங்கள். தண்டு கீழேயும் உடல் மேலேயுமாகத் தலைகீழாக வடிவமைத்த சொக் வகைகளில் இந்தச் சோதனை நடக்காது.

இறுக்குதலும் அலைன்மென்டும்

வளையங்களை இறுக்கியதும் வளையம், பூட்டு வளையம், உடல் மூன்றையும் குறுக்கே தொடும்படி பெயின்ற் பேனையால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த வாரம் கோடு விலகியிருந்தால் இளகுகிறது என்று அர்த்தம். கீழ்க்கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் சில்லில் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து விரைவில் கிழியும்.

பிறகு அலைன்மென்ட். கராஜில் திரையைக் காட்டி 'பச்சைக்குள் வந்துவிட்டது' என்பதோடு விடாதீர்கள், எண்களைக் கேளுங்கள். வீதிக்கு முன் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கச் சில்லு சாயும் கோணம்; மைனஸ் என்றால் மேற்பக்கம் உள்ளே) மைனஸ் 1 முதல் 1.5 பாகை, பின் மைனஸ் 1 பாகை, முன் டோ (மேலிருந்து பார்க்கச் சில்லு உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூச்சியம், பின் டோ சற்றே உள்நோக்கி. முகப்பு விளக்கின் உயரத்தையும் சரிசெய்யுங்கள்.

இப்போது குமிழ்

கிளிக்குகளை முழுக் கடினத்திலிருந்து எண்ணுவது என் பழக்கம். கையேடு வேறு விதமாகச் சொன்னால் அதன்படி எண்ணுங்கள். டெய்ன் ஃப்ளெக்ஸ் இசட் என்ற கொயிலோவரில் 16 நிலைகள், பிசி ரேசிங் கம்பனியின் பிஆர் வகையில் 30. முடிவில் பலவந்தமாகத் திருக வேண்டாம். நடுவில் தொடங்கி, பின்பக்கம் இலேசானது என்பதால் அதை இரண்டு கிளிக் இளக்குங்கள். ஒரு நேரத்தில் முன் அல்லது பின், இரண்டு இரண்டு கிளிக்காக மட்டும் மாற்றுங்கள். சோதனைக்கு எப்போதும் ஒரே வழி: கொஞ்சம் காபெற் வீதி, ஒரு புகையிரதக் கடவை, கொஞ்சம் கிறவல் வீதி. ஊருக்குள் 50, வெளியே 70 என்ற எல்லைக்குள்ளேயே எல்லாம் தெரிந்துவிடும்.

கடவையைத் தாண்டியதும் கார் ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். மேலும் ஊஞ்சலாடினால் கடினமாக்குங்கள். கிறவலில் ரயர் துள்ளித் துள்ளி ஓடினால் இளக்குங்கள். இவை இரண்டும் எளிது. குழப்புவது மூன்றாவது. தொடர்ச்சியான சிறு மேடுகளில் முதல் சில மேடுகள் நன்றாக இருந்து, போகப் போக இடிக்கத் தொடங்கினால் பலர் இறுக்குவார்கள். இளக்க வேண்டும். பல கொயிலோவர்களில் குமிழ் அதிகம் மாற்றுவது சொக் விரியும் வேகத்தை. அது மிக மெதுவாக விரிந்தால், ஒரு மேட்டிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. கார் படிப்படியாகக் கீழிறங்கி பம்ப் ஸ்டொப்பில் உட்கார்ந்துவிடுகிறது.

உப்பு

பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவுப்பக்கம் போய்வருபவர்களுக்கும் காங்கேசன்துறைப் பக்கம் இருப்பவர்களுக்கும் இது முக்கியம். அலுமினிய வளையமும் இரும்பு உடலும் உப்புநீரில் சேர்ந்தால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நைலோன் தூரிகையாலும் நன்னீராலும் மரையைக் கழுவி, காயவைத்து, சிலிக்கன் ஸ்பிரே அடியுங்கள். உங்கள் கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம். கிறீஸ் பூசினால் செம்மண் ஒட்டி அரமாக அறுக்கும். சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றுவதையும் நான் ஏற்பதில்லை. ஈர மணல் உள்ளே தங்கிவிடும்.

பிற்சேர்க்கை

பழைய ஹொண்டா சிவிக் வைத்திருக்கும் வாசகர்கள், வளையத்தை 10 மில்லிமீற்றர் ஏற்றினால் கார் அதைவிட அதிகமாக உயர்கிறது என்று எழுதியிருந்தார்கள். சரிதான். இஜி, இகே என்ற பழைய வகைச் சிவிக்குகளில் மேலும் கீழும் கைகள் கொண்ட இரட்டைக்கை அமைப்பு. சொக் கீழ்க்கையின் நடுவில் பூட்டப்பட்டிருப்பதால் சில்லு அசைவதைவிடச் சொக் குறைவாக அசையும். வளையத்தில் 10 என்றால் மட்காட்டில் ஏறத்தாழ 14, 15 வரும். ஸ்பிறிங் மேல் விழும் பாரமும் அதே விகிதத்தில் கூடும் என்பதால் என் 360 கிலோ கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம்.

இன்னும் ஒருவர், நின்ற இடத்தில் ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிறிங் துள்ளுகிறது என்றார். முன்னழுத்தத்தை மாற்றிய பிறகு ஸ்பிறிங்கின் நுனி இருக்கையில் சரியாக அமரவில்லையா என்று முதலில் பாருங்கள். அமர்ந்திருந்தால் சொக்கின் உச்சியைக் காரோடு பூட்டும் மேல்மவுண்டின் பெயாரிங்கைப் பார்க்க வேண்டும். ஒருவர் ஸ்ரியறிங்கைத் திருப்ப, மற்றவர் ஸ்பிறிங்கின் மேல் விரல் நுனியை வைத்தால், சுருள் முறுகிக்கொண்டே போய்ச் சட்டென்று விடுபடுவது கையில் தெரியும். அப்படித் தெரிந்தால் பெயாரிங் மாற்றும் வரை குமிழைத் தொட வேண்டாம்.