முகத்துக்கு எடுப்பான உடுப்பு நிறத்தைக் கண்டுபிடிப்பது எப்படி: விறாந்தையில் ஒரு மணித்தியால வேலை

சேலைக் கடையில் இன்றைக்கும் காதில் விழும் பேச்சு இது: "பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவெல்லோ, உந்தக் கடும் கலர் வேண்டாம்." இதை நம்பி எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்கத் தவிட்டு நிறத்தையும் மங்கிய சாம்பலையுமே உடுத்துகிறார்கள். முகத்தைச் சோர்வாகக் காட்டுவது அந்த மங்கல் நிறங்கள்தான். ஆழ்ந்த நிறத் தோலுக்கு மாதுளைச் சிவப்பும் மரகதப் பச்சையும் எவ்வளவு எடுக்கும் என்பதைக் கண்ணாடிக்கு முன்னால் ஒருமுறை பார்த்தால் அந்தப் பேச்சு பிழை என்று விளங்கிவிடும்.

ஆகவே தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது முகத்தை வெளுப்பாகக் காட்டும் நிறத்தைத் தேடும் வேலை அல்ல. எந்த நிறத்தைக் கிட்டப் பிடித்தால் கண்ணும் உதடும் தோலும் தெளிவாகத் தெரிகின்றன, எதைப் பிடித்தால் கண்ணுக்குக் கீழே உள்ள கருமை தூக்கலாகத் தெரிகிறது என்று பார்க்கும் வேலை. தேடுவது தெளிவு, வெளுப்பு அல்ல.

ஒரு துணி முகத்தை மாற்றிக் காட்டுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. துணியில் பட்ட வெளிச்சம் அதன் நிறத்தையும் ஏந்திக்கொண்டு மேலே தெறித்து, நாடியிலும் தாடையின் கீழும் கழுத்திலும் விழுகிறது. இது உண்மையாகவே தோலில் விழும் நிறம். மற்றது கண்ணின் வேலை: பக்கத்தில் உள்ள நிறத்தைப் பொறுத்துத்தான் கண் ஒரு நிறத்தை மதிப்பிடுகிறது. பாரிஸின் கோபலான் நெசவாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த இரசாயனவியலாளர் செவ்ரோலுக்கு, கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று முறைப்பாடு வந்தது. சாயத்தில் குறை இருக்கவில்லை. பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மங்கச் செய்திருந்தது. இந்த விதியை அவர் 1839இல் புத்தகமாகவே எழுதினார். நூலுக்கு நடந்ததுதான் முகத்துக்கும் நடக்கிறது.

முதலாம் படி: துணித் துண்டுகள்

புது உடுப்பு எதுவும் வாங்க வேண்டாம். சட்டைக்கு லைனிங் துணி விற்கும் கடையில் எல்லா நிறமும் இருக்கும், விலையும் குறைவு. ஒவ்வொன்றிலும் கால் மீற்றர் போதும். துணியின் அகலம் சேர்ந்து வருவதால் அதைத் தோளில் சால்வை போல விரிக்கலாம். தையற்கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளும் உதவும், ஆனால் இரண்டு சாணுக்குக் குறைந்த துண்டு வேண்டாம். நெஞ்சை மூடாத துண்டு நிறத்தைச் சரியாகத் தெறிக்காது. மினுக்கம் உள்ள சற்றின் துணியையும் தவிருங்கள். மினுக்கம் வேறு, நிறம் வேறு. இரண்டும் சேர்ந்தால் எது முகத்தை மாற்றியது என்று தெரியாமல் போகும்.

நிறங்களைச் சோடி சோடியாக எடுங்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று மஞ்சள் பக்கம் சாய்ந்தது, மற்றது நீலப் பக்கம் சாய்ந்தது:

தக்காளிச் சிவப்பு – பீற்றூட் சிவப்பு
பனங்காய்க் களியின் மஞ்சள் – தேசிக்காய் மஞ்சள்
பாசிப்பச்சை – மரகதப் பச்சை
மயில் நீலம் – மை நீலம்
பனங்கட்டி நிறம் – கடும் சாம்பல்
கோறாத் துணியின் பழுப்பு வெள்ளை – நீலம் போட்டுத் தோய்த்த வேட்டியின் வெள்ளை

மொத்தம் பன்னிரண்டு துண்டு. கடைசிச் சோடி வீட்டிலேயே இருக்கும்.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

இந்தப் படியில் பிழைத்தால் பிறகு செய்யும் எல்லாமே பிழைக்கும். காலை எட்டரை தொடக்கம் பத்து மணிக்குள், அல்லது பின்நேரம் மூன்று தொடக்கம் நாலரைக்குள் செய்யுங்கள். உச்சி வெயில் தலைக்கு நேரே நின்று கண்குழியிலும் மூக்கின் கீழும் நிழல் விழுத்தும். நாலரைக்குப் பிறகு வெயில் மஞ்சளாகிவிடும், அப்போது எல்லோருடைய முகமும் பொன் நிறமாகத்தான் தெரியும்.

வெயில் நேரே படாத விறாந்தையில், வெளியே பார்த்தபடி கதிரையில் இருங்கள். கண்ணாடி முகத்துக்கு முன்னால், வெளிச்சமும் முன்னாலிருந்தே வர வேண்டும். ரியூப் லைட்டை அணைத்துவிடுங்கள்.

இனி முற்றத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண் முற்றம் என்றால் அதிலிருந்து தெறிக்கும் வெளிச்சமே செம்மையாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் தக்காளிச் சிவப்பும் பனங்காய் மஞ்சளும் எவருக்கும் பொருந்துவது போலத் தோன்றும். பச்சை பூசிய மதிலும், கிட்ட நிற்கும் வாழைகளும் இதே குழப்பத்தைத் தரும். வழி இலேசானது: காலுக்கு முன்னால் நிலத்தில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போடுங்கள், பக்கத்து மதிலில் இன்னொன்றைத் தொங்கவிடுங்கள்.

முகத்தைக் கழுவித் துவாயால் ஒற்றியெடுங்கள். அழுத்தித் துடைத்தால் தோல் சிவக்கும், ஆகவே கழுவியபின் இருபது நிமிடம் பொறுத்துத் தொடங்குங்கள். பவுடர், பொட்டு, சந்தனம், திருநீறு, தோடு, சங்கிலி ஒன்றும் வேண்டாம். முகத்துக்கு மஞ்சள் பூசுகிறவர்கள் அதை நிறுத்தி நாலைந்து நாள் கழியட்டும். தலைமயிரைப் பின்னால் கட்டி, போட்டிருக்கும் உடுப்பை ஒரு வெள்ளை வேட்டியால் கழுத்துவரை மூடுங்கள். மயிருக்கு மருதோன்றியோ சாயமோ பூசியிருந்தால், நீங்கள் தொடர்ந்து வைத்திருக்கப்போகும் நிறம் அதுதானா என்று யோசியுங்கள். ஆம் என்றால் மறைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: ஆழமும் வேறுபாடும்

போன் கமராவில் முகத்தை ஒரு படம் எடுங்கள். முகத்தை அழகாக்கும் வசதி எதுவும் இயங்கக்கூடாது. பல போன்களில் அது தானாகவே இயங்கித் தோலை வெளுக்கச் செய்துவிடும். எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள்.

தோலின் சாம்பல் மயிரின் கறுப்புக்குக் கிட்ட இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா, வெள்ளைக்குக் கிட்ட இருக்கிறதா? அதுதான் ஆழம். தோலுக்கும் மயிருக்கும், தோலுக்கும் கண்ணின் வெள்ளைக்கும் இடையில் எவ்வளவு தூரம்? அதுதான் வேறுபாடு. ஆழ்ந்த நிறத் தோல் உள்ளவர்களுக்கு மயிரோடு வேறுபாடு குறைவு, ஆனால் கண்ணின் வெள்ளையோடும் பல்லோடும் வேறுபாடு மிகப் பெரிது. அந்த முகம் பலமான, சுத்தமான நிறங்களைத் தாங்கும். ஐம்பது கடந்து தலை நரைத்தபின் வேறுபாடு மாறிவிடும். முப்பதில் பொருந்திய கடும் கறுப்பு அப்போது முகத்தைவிட முந்தித் தெரியும்.

நான்காம் படி: அடிநிறம்

அடிநிறம் என்பது தோலின் அடியில் தெரியும் சாயல்: அது மஞ்சள் பக்கமா (சூடான நிறம்), நீலப் பக்கமா (குளிர்ந்த நிறம்) என்பது. மணிக்கட்டு நரம்பு பச்சை என்றால் சூடான நிறம், நீலம் என்றால் குளிர்ந்த நிறம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். எங்கள் தோலுக்கு அதை நம்ப வேண்டாம். மெலனின் என்ற நிறப்பொருள் கூடிய தோலுக்கூடாகப் பார்க்கும்போது நரம்பு பெரும்பாலும் பச்சையாகவே தெரியும், இல்லாவிட்டால் தெரியவே தெரியாது. பொன் நகை பொருந்துகிறதா வெள்ளி பொருந்துகிறதா என்ற சோதனையும் இங்கே சரிவராது. பிறந்த நாளிலிருந்து பொன் போட்ட முகங்களையே பார்த்துப் பழகிய கண், பொன்தான் வடிவு என்று முதலே தீர்மானித்துவிடும்.

துணிச் சோடிகளை எடுங்கள். ஒரு துண்டை நாடிக்குக் கீழே விரித்து ஐந்து விநாடி பாருங்கள். பிறகு பத்து விநாடி கண்ணை மூடி, சோடியின் மற்றத் துண்டைப் பிடியுங்கள். கண்ணை மூடாமல் மாற்றினால் முதல் நிறத்தின் எதிர்நிறம் கண்ணில் தங்கி நின்று இரண்டாவதைக் கெடுக்கும். துணியைப் பார்க்கக்கூடாது. இதுதான் தொடங்குகிறவர்கள் எல்லோரும் விடும் பிழை. துணி வடிவாக இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினால் பிடித்த நிறம்தான் வெல்லும். பார்வை முகத்தில் மூன்று இடங்களில் நிற்கட்டும்: கண்ணுக்குக் கீழே, வாயின் இரண்டு ஓரம், தாடையின் விளிம்பு.

பீற்றூட் சிவப்பைப் பிடித்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் உதட்டைச் சுற்றியுள்ள தோல் சாம்பல் பூத்தது போல ஆகும், மூக்கின் ஓரக் கோடு ஆழமாகும், தாடைக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு கரிய பட்டை தெரியும். அதை எடுத்துவிட்டுத் தக்காளிச் சிவப்பைப் பிடித்ததும் அந்தப் பட்டை இளகி, முகமும் கழுத்தும் ஒரே தோலாகத் தெரிந்தால், உங்கள் அடிநிறம் மஞ்சள் பக்கம். மறுபக்கமாக நடந்தால் நீலப் பக்கம். ஒரு சோடியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆறில் நாலு ஒரே பக்கம் சாய வேண்டும்.

மூன்றுக்கு மூன்று வந்தால் நீங்கள் நடு. எங்கள் ஆட்களில் இது மிகச் சாதாரணம். பலருடைய தோலில் மஞ்சளோடு மெல்லிய பச்சைச் சாயலும் கலந்திருப்பதால் இரண்டு பக்கமும் பாதி பாதி ஒத்துப்போகும். அப்படியானால் அடிநிறத்தை விட்டுவிட்டு அடுத்த படியை மட்டும் நம்புங்கள். எங்களைக் கேட்டால், மாநிறத்துக்கும் அதற்கு மேலான ஆழத்துக்கும் அடுத்த படிதான் பெரிது.

கூட ஒருவரை வைத்திருங்கள், ஆனால் "எது வடிவு?" என்று கேட்க வேண்டாம். "முதலில் எது தெரிகிறது, முகமா துணியா?" என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: நிறத்தின் பலம்

ஒரே நீலம் சுத்தமாகவும் இருக்கலாம், சாம்பல் கலந்து மங்கியும் இருக்கலாம், வெள்ளை கலந்து வெளிறியும் இருக்கலாம். உங்கள் பக்கத்து நிறங்களில் இந்த மூன்றையும் மாறி மாறிப் பிடியுங்கள்.

தோலின் ஆழத்துக்குச் சமமான ஆழமுள்ள மங்கல் நிறம்தான் அதிகம் கெடுப்பது. மாநிறத்துக்குப் பனங்கட்டி நிறத்தைப் பிடித்துக் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். துணியும் முகமும் ஒரே சாம்பலாகி, நாடி எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதே குடும்பத்தில் இரண்டு படி ஆழமான புகையிலை நிறமோ, இரண்டு படி வெளிச்சமான தேங்காய்ப்பூ நிறமோ எடுத்தால் முகம் உடனே தனித்துத் தெரியும். மண்ணிறம் பொருந்தாது என்று சொல்கிறவர்களில் பலருக்கு மண்ணிறம் பொருந்தும். அவர்கள் எடுத்த ஆழம்தான் பிழை.

வெளிறிய நிறங்களில் கவனம் வேண்டும். வெண்கட்டித் தூள் தூவியது போன்ற வெளிர் றோஸ் ஆழ்ந்த தோலைச் சாம்பலாக்கலாம். ஆனால் சுத்தமான எலுமிச்சைப் பூ வெள்ளையும் தெளிந்த வெளிர் மஞ்சளும் அதே தோலுக்கு நன்றாக எடுக்கும். ஆகவே வெளிர் நிறமே வேண்டாம் என்று ஒதுக்காமல் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள்.

சேலையிலும் சேட்டிலும்

முகத்தை மாற்றுவது கழுத்தைச் சுற்றி ஒரு சாண் துணிதான். சேலையில் அந்த இடத்தில் இருப்பது சட்டையும், தோளில் ஏறும் தலைப்பின் கரையும். உடல் நிறம் பொருந்தாத நல்ல சேலை பெட்டிக்குள் கிடந்தால், உங்களுக்குப் பொருந்தும் நிறத்தில் சட்டை தைத்து, தோள் மடிப்பில் கரை மேலே வரும்படி குத்திப் பாருங்கள். பெரும்பாலும் சேலை தப்பிவிடும்.

கூறைச் சேலைக்குச் சிவப்பைத்தான் பெரும்பாலும் தேடுவோம், ஆனால் சிவப்புக்குள்ளேயே நிறைய இடம் உண்டு. மஞ்சள் பக்கத்தவர்களுக்குக் குங்குமச் சிவப்பும் செங்கல் சாயலும், நீலப் பக்கத்தவர்களுக்கு மாதுளையும் நாவற்பழச் சாயல் அரக்கும். சரிகை அகலமாக இருந்தால் அதன் பொன் நிறமும் முகத்தில் தெறிக்கும். நீலப் பக்கத்தவர்கள் மஞ்சள் தூக்கலான சரிகையை விட்டு, மங்கிய பழம்பொன் சாயலைக் கேளுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வேட்டி கட்டுகிற ஆண்களுக்கு மேலே சால்வைதான் நிறம். சேட்டில் கவனிக்க வேண்டியது வெள்ளை. இன்றைய சலவைத் தூள்களில் உள்ள வெண்மையூட்டி, வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடும். அதனால் வெளியே போனதும் வெள்ளைச் சேட் நீல வெள்ளையாகிவிடும். மஞ்சள் பக்கத்தவர்கள் பழுப்பு வெள்ளைச் சேட் எடுத்தால் முகம் கறுத்துத் தெரியாது.

கடையில்

பொருந்திய நிறங்களில் விரலளவு துண்டுகளை வெட்டி ஒரு மட்டையில் ஒட்டிக் கைப்பையில் வையுங்கள். பட்டுப் பகுதியில் போடும் மஞ்சள் பல்ப், சிவப்பையும் பொன்னையும் தூக்கி, நீலத்தையும் ஊதாவையும் அமுக்கும். சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், கடைக்காரருக்கு இது பழகின விசயம். சட்டைத் துணியைச் சேலையோடு ஒப்பிடுவதையும் வாசலிலேயே செய்யுங்கள். வேறு வேறு சாயத்தில் தோய்த்த இரண்டு துணிகள் ரியூப் லைட்டில் ஒரே நிறமாகத் தெரிந்து, வெயிலில் பிரிந்து நிற்பது உண்டு.

தோய்ச்சல்

சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிய எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. சவர்க்காரம் அதோடு சேர்ந்து துணியில் வெள்ளைப் படலமாகப் படியும். பத்துத் தோய்ச்சலில் சுத்தமான மை நீலம் சாம்பல் நீலமாகி, பொருந்திய நிறம் பொருந்தாத நிறமாகிவிடும். பருத்தி உடுப்பைக் கடைசியாக அலசும்போது பத்து லீற்றர் வாளிக்குக் கால் கோப்பை வெள்ளை வினாகிரி விட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து, பிறகு வெறுந்தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள். பட்டுக்கு இதைச் செய்ய வேண்டாம்.