மணிக்கட்டு நோகாத கீபோர்டு: வாங்கும் முன் 'ச' எங்கே என்று பாருங்கள்

மன்னார்குடியில் சின்னதாக ஒரு கணினி மையம் நடத்துகிறேன். சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவு தொடங்கிவிட்டால் சிட்டா, அடங்கல், ஆதார் நகலோடு வாசல் தாண்டியும் ஆள் நிற்கும். அப்படி ஒரு பருவம் முடிந்தபோது வலது கையால் தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியவில்லை. அப்புறம் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலைக்குக் காசு வேண்டாம். உங்கள் கீபோர்டைக் கவிழ்த்துப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும், மடக்கிவிடுங்கள். அவை நிமிர்ந்திருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். முழங்கையிலிருந்து விரல் கணு வரை கை நேராக இருக்க வேண்டும். மேசைகள் பெரும்பாலும் 30 அங்குல உயரம், நம்மில் பலருக்கு அது அதிகம். நாற்காலியை உயர்த்துங்கள். கால் தொங்கினால் கீழே ஒரு மணை போடுங்கள். என் வலியில் பாதி இதிலேயே போனது.

அடுத்தது பிரிந்த கீபோர்டு. சாதாரணக் கீபோர்டில் இரண்டு கைகளும் நடுவில் நெருங்குவதால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாய்கிறது. எழுத்துகளை இரு பக்கமாகப் பிரித்துவிட்டால் கை தோளுக்கு நேராக இறங்கும். ஒரே பலகையில் நடுவே பிரிந்து வளைந்தது ஒரு வகை, இரண்டு தனித் துண்டுகளாக வருவது இன்னொரு வகை. புதியவர்களுக்கு முதல் வகையே போதும் என்பேன்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பழைய யூஎஸ்பி கீபோர்டு இரண்டை ஒரே கணினியில் செருகுங்கள். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. விண்டோஸில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். இடைவெளி கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இரண்டு நாள் அடித்துப் பார்த்துத் தோள் இறுக்கம் குறைகிறதா என்று கவனியுங்கள். குறையவில்லை என்றால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தமிழில் அடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது. எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்று வகுத்திருக்கும் தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். அதில் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன, ய அதற்குக் கீழே மேற்கோள் விசையில். அழகாக இருக்கும் குட்டிப் பிரிவுக் கீபோர்டுகள் பலவற்றில் வலது ஓரத்து அடைப்புக்குறிகளே கிடையாது! ஆங்கிலத்துக்கு அது பெரிய குறையில்லை. நமக்கோ ச இல்லாமல் சம்பாவும் இல்லை, தஞ்சாவூரும் இல்லை. படத்தைப் பெரிதாக்கி, ண-வுக்கு வலப்பக்கம் இரண்டு விசைகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

எண் பகுதி தனியாக இருப்பது நல்லது. நாள் முழுக்க 12 இலக்க ஆதார் எண் அடிக்கிற எனக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் கீபோர்டோடு ஒட்டியிருந்தால் மவுஸ் தள்ளிப்போய் வலது தோள் இழுபடும். தனியாக ஒன்று வாங்கி இடப்பக்கம் வைத்துக்கொண்டேன். விசை லேசாகத் தொட்டாலே அழுந்துவதாகப் பாருங்கள். சத்தம் போடும் விசை கடைக்கு ஆகாது.

பழகும்போது அவசரம் வேண்டாம். நான் புதுக் கீபோர்டைப் பதிவு நாளிலேயே இறக்கினேன். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, நான் நட்டு முடிச்சுடுவேன் போல" என்றார். பழையதை மறுபடி செருகிவிட்டேன். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் தினமும் கால் மணி நேரம் போதும்.

டைப்ரைட்டிங் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான்: மேடு தட்டுப்படும் இரண்டு விசைகளில் ஆள்காட்டி விரல்களை வையுங்கள். வலது கைக்கு க, ப, ம, த, ந அங்கேயே இருக்கின்றன. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கு தட்டு, புள்ளி தானாக விழும். இது கைவந்ததும் ஊர்ப் பெயர்களுக்குப் போகலாம். அடிக்கும்போது மணிக்கட்டு மிதந்தபடி இருக்கட்டும், கீபோர்டுக்கு முன்னால் மணிக்கட்டு மெத்தை வைத்திருந்தால் அது இடையில் ஓய்வெடுக்க மட்டும்.

இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகிறதா? கீபோர்டு தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.