எம்ஜிபி வாங்கிவிட்டீர்களா? கராஜில் விடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பிரிட்டனில் முதன்முறையாக ஒரு கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்கள் பலர் கடைசியில் எம்ஜிபி பக்கம்தான் வந்து நிற்பார்கள். 1962இல் வெளிவந்து, 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள அபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது. திறந்த ரோட்ஸ்டர் ஒன்று, 1965இல் சேர்ந்த கூரை போட்ட ஜிடி ஒன்று. 1798 சிசி, நான்கு சிலிண்டர், வெளிப்படையான எளிய இன்ஜின். ஸ்க்ரூவிலிருந்து ஃபெண்டர் வரை பாகம் கிடைக்கும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் முழு பாடியையே புதிதாகச் செய்து தருகிறது.

அதனால் பாகம் இல்லாமல் ஒரு எம்ஜிபி முடங்குவது அபூர்வம். முடங்கினால் கராஜின் மூலையில் மாதக்கணக்கில் தூசி பிடித்து நிற்கும். விசாரித்துப் பார்த்தால் பல நேரம் காரணம் இதுதான்: என்ன வேலை, எவ்வளவு செலவு, எதுவரை செய்யலாம் என்று உரிமையாளரும் மெக்கானிக்கும் தெளிவாகப் பேசிக்கொள்ளவே இல்லை. அந்தப் பேச்சுக்கு எப்படித் தயாராவது என்பதுதான் இந்தப் பதிவு. ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்களும் செய்யலாம்.

படி 1: உங்களிடம் இருப்பது எந்த எம்ஜிபி?

பதினெட்டு வருடத்தில் இந்தக் கார் உள்ளுக்குள் நிறைய மாறியது. தவறான வருடத்தைச் சொல்லி பாகம் வரவழைத்தால் பணமும் போகும், இரண்டு வாரமும் போகும். சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் படமெடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கட்டினால் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து ஹெரிட்டேஜ் சான்றிதழ் தருவார்கள். கார் எந்தத் தேதியில், எந்த நிறத்தில், எந்த இன்ஜின் எண்ணோடு வெளியே வந்தது என்பது அதில் இருக்கும். இன்ஜின் எண் பொருந்தாவிட்டால் பயப்பட வேண்டாம். நடுவில் யாரோ இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் கேஸ்கெட் வாங்கும்போது காரின் வருடத்தை நம்பாமல் இன்ஜினின் எண்ணைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பேட்டரி. 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் நெகட்டிவ். இது தெரியாத ஒருவர் ஜம்ப் கேபிள் போட்டாலோ, புது ரேடியோ மாட்டினாலோ புகை வரும். பழைய காரையும் பலர் நெகட்டிவுக்கு மாற்றிவிட்டதால் வருடத்தை வைத்து ஊகிக்காமல் கண்ணால் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூடியைத் திறந்தால் 1974 வரையிலான கார்களில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும், அல்லது யாராவது அவற்றை எடுத்துவிட்டு 12 வோல்ட் ஒன்று வைத்திருப்பார்கள். எந்த முனையிலிருந்து பாடிக்குப் பட்டை போகிறது என்று பார்த்து, ஒரு சீட்டில் எழுதி பானட்டுக்கு உள்ளே ஒட்டிவிடுங்கள்.

படி 2: காகித வேலை

இது சீக்கிரம் முடிந்துவிடும். 40 வருடம் தாண்டிய வண்டிக்கு பிரிட்டனில் சாலை வரி இல்லை. ஆனால் தானாக வராது, ‘ஹிஸ்டாரிக்’ வகைக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். 2018 மே முதல், பெரிய மாற்றம் ஏதும் செய்யப்படாத 40 வருட வண்டிக்கு, ‘எம்ஓடி’ எனப்படும் வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. கடைசி எம்ஜிபியே 1980 என்பதால் எல்லாமே இந்தக் கணக்கில் வந்துவிடும். இருந்தாலும் வருடம் ஒருமுறை எம்ஓடி எடுங்கள். அதிகபட்சக் கட்டணமே 54.85 பவுண்டுதான். உங்களிடம் எதையும் விற்க நினைக்காத ஒருவர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசியாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு அவர்கள் சொல்லும் விலைதான்.

படி 3: சில் பகுதியைப் பாருங்கள்

நேரம் குறைவாக இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள். எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, பாடியேதான் சட்டகம். கதவுகளுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதிக்குத்தான் சில் என்று பெயர். ரோட்ஸ்டரில் கூரை இல்லை, அதனால் வண்டி நடுவில் தொய்ந்துவிடாமல் தாங்குவதில் பெரும்பங்கு இந்தச் சில்களுக்கும், கியர்பாக்ஸை மூடியபடி நடுவில் ஓடும் டனலுக்கும்தான். வெளிச் சில், உள் சில், நடுவில் ஒரு தகடு, அடியில் ‘காஸில் ரெயில்’ என்று பல அடுக்கு. ஈரம் உள்ளே புகுந்து, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். பெயின்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

முதலில் கதவுக்கும் பின் ஃபெண்டருக்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் நெருங்கியிருந்தால் வண்டி நடுவில் தொய்கிறது. அடுத்து ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி சில் நெடுகிலும் நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். கடைசியாக, தெரிந்த ஒருவரை வைத்து ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இறுகினால் அடுத்த நூறு மைல் ஓட்டுவதற்கு முன் வெல்டரிடம் பேச வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகுதான் எதுவும்.

சில் மாற்றுகிறோம் என்று சொல்லும் கராஜிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று: பழையதை வெட்டி எடுப்பீர்களா, அதன்மேல் புதுத் தகட்டை வைத்து ஒட்டுவீர்களா? மேலே ஒட்டினால் பளிச்சென்று இருக்கும், உள்ளே துரு தன் வேலையைத் தொடரும். இரண்டு: வெல்டிங் நடக்கும்போது பாடியை எதால் தாங்குவீர்கள்? கதவுத் திறப்பின் குறுக்கே கம்பி கட்டித் தாங்காமல் ரோட்ஸ்டரின் சில்லை வெட்டினால் பாடி வளைந்து, அந்த வளைவிலேயே வெல்டும் ஆகிவிடும். பிறகு கதவு ஒருநாளும் ஒழுங்காக மூடாது. சில்லின் முன் முனை ஃபெண்டருக்கு உள்ளே போவதால் ஃபெண்டரைக் கழற்றவோ அதன் அடிப்பகுதியை வெட்டவோ வேண்டியிருக்கும் என்று அவர்களே சொன்னால், விஷயம் தெரிந்த கை என்று நம்பலாம்.

படி 4: அறிகுறியை எழுதுங்கள்

டாக்டரிடம் போய் எனக்கு இன்ன நோய் என்று நாமே பெயர் சொன்னால் எப்படியோ, கராஜில் போய் ‘கார்புரேட்டரை மாற்றிக் கொடுங்கள்’ என்பதும் அப்படித்தான். மாற்றிக் கொடுப்பார்கள். பில்லும் வரும். கோளாறு அப்படியே இருக்கும்.

வண்டியில் ஒரு நோட்டு வையுங்கள். என்ன நடந்தது, இன்ஜின் சூடாக இருந்ததா ஆறியிருந்ததா, என்ன வேகம், எந்த கியர், ஆயில் பிரஷர் எவ்வளவு. ஆயில் பிரஷர் மீட்டர் எம்ஜிபியின் டேஷ்போர்டிலேயே இருப்பது பெரிய வசதி. சூடான இன்ஜின் ஓட்டத்தில் 50 முதல் 80 வரை காட்ட வேண்டும். ஐடிலில் குறைவது இயல்பு. மாதம் ஒருமுறை குறித்து வைத்தால், இன்ஜின் தேய்கிறதா என்ற வாக்குவாதமே வராது.

இந்த நோட்டு எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பதற்கு ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு, நல்ல உதாரணம். ‘ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொன்னால், கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்று பதில் வரலாம். எம்ஜிபியில் கியர்பாக்ஸை எடுக்க இன்ஜினையும் வெளியே தூக்க வேண்டும், கிளட்ச் மாற்றுவதற்கும் இதே கதைதான். ‘மழை நாளில் மட்டும் வேலை செய்யவில்லை’, ‘கியர் லீவரை அழுத்திப் பிடித்தால் வேலை செய்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் நேராக வயரிங்கையும் கியர்பாக்ஸ் மேலுள்ள சுவிட்சையும் ஆயில் அளவையும் பார்ப்பார்.

பெட்ரோல் பம்பும் அப்படியே. பழைய எஸ்யு பம்ப் பின்பக்கம் அடியில் இருக்கும், சாவி போட்டதும் ‘டிக் டிக்’ என்று சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லாமல், லேசாகத் தட்டியதும் ஆரம்பித்தால் உள்ளே காண்டாக்ட் பாயிண்ட் தேய்ந்திருக்கிறது. நீங்கள் தட்டிப் பார்த்ததையும் நோட்டில் எழுதுங்கள், மெக்கானிக்குக்கு அரை மணி நேரம் மிச்சம்.

லூகாஸ் மின்பாகங்களைப் பற்றி பிரிட்டனில் எத்தனையோ நக்கல் உண்டு. என் கணிப்பில் பழியில் பாதி நியாயமில்லை. ஐம்பது வருடமாகத் துருப்பிடித்த எர்த் இணைப்பையும் இடையிலுள்ள கனெக்டர்களையும் சுத்தம் செய்தாலே மங்கலான ஹெட்லைட் தெளிந்துவிடும்.

படி 5: வீட்டிலேயே முடிப்பவை

இன்ஜின் தடுமாறினால் வரிசை முக்கியம்: முதலில் வால்வு இடைவெளி, அடுத்து இக்னிஷன், கடைசியில்தான் கார்புரேட்டர். புதியவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். இரட்டை எஸ்யு கார்புரேட்டர்களில் திருகுவதற்கு ஸ்க்ரூ கண்ணில் படுவதால் கை தானாக அங்கே போகும். வால்வு இடைவெளி ஆறிய இன்ஜினில் 0.015 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016. ஸ்பார்க் பிளக்குக்கு 0.025. மூன்றுக்கும் ஒரே ஃபீலர் கேஜ் போதும். நட்டுகள் மில்லிமீட்டர் அளவில் இல்லை, ஏஎஃப் அங்குல ஸ்பேனர் செட் வாங்குங்கள். மில்லிமீட்டர் ஸ்பேனரை ‘கிட்டத்தட்ட’ பொருத்தித் திருகினால் நட்டின் முனை உருண்டுவிடும்.

ஆயில் 20டபிள்யூ-50. முன்சக்கரங்களின் கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். இன்றைய கார்களில் இப்படியொரு வேலையே இல்லாததால் சாதாரண கராஜ்கள் இதை மறந்துவிடும். பெட்ரோல் பங்கில் பச்சை முனையைப் பிடிக்கும் முன் லேபிளைப் பாருங்கள்: 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10. அது பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். சூப்பர் வகை இ5ஐப் போடுங்கள். பிரேக்கை மட்டும் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் கழற்றாதீர்கள்.

படி 6: கராஜைத் தேர்ந்தெடுப்பது

எம்ஜி கார் கிளப் 1930இலிருந்து இயங்குகிறது, பல ஊர்களில் கிளை உண்டு. ஒரு மாலை அங்கே போய், ‘வெல்டிங்குக்கு யார், இன்ஜினுக்கு யார்’ என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டையும் நன்றாகச் செய்கிறவர் குறைவு. பிறகு கராஜுக்கு நேரில் போங்கள். எத்தனை பழைய கார் நிற்கிறது என்பதைவிட அவை எவ்வளவு காலமாக நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். டயரில் காற்றிறங்கி, கண்ணாடியில் தூசி படிந்த கார்கள் வரிசையாக இருந்தால் உங்கள் காரும் அந்த வரிசையில் சேரலாம். ‘எப்போது கொண்டுவரலாம்?’ என்பது தவறான கேள்வி. ‘எந்த வாரம் வேலையைத் தொடங்குவீர்கள்?’ என்று கேட்டு, அந்த வாரமே கொண்டுபோய் விடுங்கள்.

படி 7: எழுத்தில் வாங்குவது

எஸ்டிமேட் வேறு, கோட் வேறு. எஸ்டிமேட் ஓர் உத்தேசம். ஒப்புக்கொண்ட கோட் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். பழைய காரைத் திறந்து பார்க்காமல் யாராலும் நேர்மையாக கோட் தர முடியாது, அதை வற்புறுத்துவதும் நியாயமில்லை. வேலையைத் துண்டு போடுங்கள். முதல் துண்டு, கண்டுபிடிப்பது மட்டும்: இத்தனை மணி நேரம், இவ்வளவு பணம், முடிவில் படங்களோடு ஒரு மின்னஞ்சல். அதைப் பார்த்து இரண்டாவது துண்டுக்கு விலை பேசுங்கள். ‘இந்தத் தொகையைத் தாண்டும் முன் எழுதிக் கேட்க வேண்டும், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்’ என்ற இரண்டு வரியை வண்டியை விடும் அன்றே அனுப்பிவிடுங்கள். பழைய பாகம் கைக்கு வந்தால் மாற்றினார்களா என்ற சந்தேகம் இருக்காது. அதோடு, இன்று கிடைக்கும் சில மறுதயாரிப்புப் பாகங்களைவிடப் பழையதைச் சீர்செய்து போடுவது நல்லது.

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி செய்யச் சொல்லலாம், அது நடக்காவிட்டால் பணத்தில் குறைக்கச் சொல்லலாம். ஆனால் பில்லைக் கட்டும்வரை காரைப் பிடித்து வைக்கும் உரிமை கராஜுக்கு உண்டு. தகராறு வந்தால், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, கட்டி, காரை எடுத்துவிட்டு வாதாடுங்கள். 100 பவுண்டுக்கு மேற்பட்ட வேலைக்குக் கிரெடிட் கார்டில் கட்டினால் கார்டு நிறுவனமும் பொறுப்பாகும்.

படி 8: வண்டியை எடுக்கும் நாள்

பகலில் போங்கள், மழையில்லாத நாளாக இருந்தால் நல்லது. பில்லில் உள்ள ஒவ்வொரு வரியையும் காரில் காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து கேளுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேட்கலாம், தப்பில்லை. சக்கரம் கழற்றிய வேலை என்றால் நட்டுகளைக் கண்முன்னே இறுக்கச் சொல்லுங்கள். வயர் வீல் (கம்பிச் சக்கரம்) என்றால் நடுவிலுள்ள பெரிய நட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்குவார்கள், வீலின் உள்பற்கள் தேய்ந்திருந்தால் முன்னும் பின்னும் நகர்த்தும்போது ‘கிளாங்க்’ என்று கேட்கும். அழகுக்கு வயர் வீலை மிஞ்ச எதுவும் இல்லை, ஆனால் முதல் எம்ஜிபிக்கு இரும்பு வீலே போதும் என்பேன்.

நேரே மோட்டார்வேயில் ஏறாதீர்கள். கராஜைச் சுற்றியே பத்து மைல் ஓட்டி, திரும்பி வந்து, பானட்டைத் திறந்து, அடியிலும் குனிந்து பாருங்கள். அபிங்டனிலிருந்து வந்த வண்டி சில துளி ஆயில் விடுவது சகஜம்தான். பெட்ரோல் வாடையோ பிரேக் திரவமோ இருந்தால் சாவியை அங்கேயே கொடுத்துவிட்டு ரயிலில் வீடு திரும்புங்கள்.