வெற்றிடப் பட்டியல் மட்டும் ஆளணித் திட்டம் ஆகாது

அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, அதாவது அனுமதி பெற்ற பதவிகள் எத்தனை, கடமையில் உள்ளோர் எத்தனை, வெற்றிடம் எத்தனை? யாழ்ப்பாணத்தில் எந்தத் திணைக்களத்தின் தாபனக் கிளைக்கு, அதாவது ஊழியர் விடயங்களைப் பார்க்கும் பிரிவுக்குப் போனாலும் இந்த மூன்று நிரல்கள் கொண்ட படிவத்தைக் காணலாம். அதை நிரப்பி மேலே அனுப்பியவுடன் திட்டமிடல் முடிந்துவிட்டது என்று இருந்துவிடுகிறோம். மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. அந்த அங்கீகாரம் கிடைத்தபோது இருந்த வேலை வேறு, இன்றுள்ள வேலை வேறு. தட்டச்சுக்கு ஆள் தேவைப்பட்ட கிளைக்கு இன்று தரவுகளைப் பராமரிக்கத் தெரிந்தவர் வேண்டும். பழைய பதவியையே நிரப்பக் கேட்டால் பழைய வேலைக்கான ஆள்தான் வருவார்.

அடுத்தது, மாவட்டக் கூட்டுத்தொகையை நம்புவது. மொத்தக் கணக்கில் ஆளணி நிறைந்திருக்கும். நெடுந்தீவில் கதிரை வெறுமையாக இருக்கும். அங்கே போக குறிகட்டுவான் வரை பஸ், பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகு. காற்றுக் காலத்தில் படகு ஓடாத நாட்களும் உண்டு. தங்குமிடம் தராமல் நியமனக் கடிதம் மட்டும் கொடுத்தால், சில மாதங்களில் அந்த உத்தியோகத்தர் 'இணைப்பு' என்ற பெயரில் நகர அலுவலகம் ஒன்றில் இருப்பார். சம்பளப் பட்டியலில் அவர் தீவகத்தில்தான். இந்த இணைப்புகளைத் தனியாக எண்ணாத எந்தக் கணக்கையும் நான் நம்பமாட்டேன். தீவகத்துப் பிள்ளைகளும் நோயாளிகளும் எங்கள் படிவத்தின் பிழையைத் தங்கள் உடம்பால் சுமக்கிறார்கள்.

சம்பளமற்ற விடுமுறையும் இப்படித்தான். 2022இல் வந்த சுற்றறிக்கை அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை வெளிநாடு சென்று வேலை செய்ய இடமளித்தது. போனவரின் பதவி அவருக்கே உரியது என்பதால் அது வெற்றிட நிரலில் விழாது. ஆனால் வேலை செய்ய ஆள் இல்லை. ஆகவே படிவத்தில் நான்காவது நிரல் ஒன்று வேண்டும்: இன்று காலை உண்மையில் வேலைக்கு வரக்கூடியவர் எத்தனை பேர்?

பட்டதாரிகள் மொத்தமாக நியமனம் பெற்று வரும்போது வேலையை வரையறுக்காமல் கிளைகளுக்குப் பங்கிடுவதும் தவறு. படித்த பிள்ளைகளின் சிறந்த ஆண்டுகள் அதில் வீணாகின்றன.

ஆள் தேவை என்று உணரும் நாளுக்கும் ஆள் வரும் நாளுக்கும் இடையிலான காலத்தை மறக்கிறோம். முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி, விண்ணப்பம் கோரல், பரீட்சை, நேர்முகம் என்று அது நீளும். தாதியர் என்றால் பயிற்சிக்கே மூன்று ஆண்டுகள்.

ஓய்வு மட்டும் முன்கூட்டியே தெரிந்த திகதி. இருந்தும் திகைக்கிறோம். 2022இன் தொடக்கத்தில் ஓய்வு வயது 65 ஆக உயர்ந்தது. அதே ஆண்டு அது மீண்டும் 60 ஆகக் குறைக்கப்பட, டிசெம்பர் 31இல் 60ஐக் கடந்தவர்கள் ஒன்றாக வெளியேற வேண்டியதாயிற்று. கொள்கை மாறியதை எந்த அலுவலகமும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அவர்களிடம் இருந்த காணிக் கோப்பு விவரங்களையும் பழைய ஓய்வூதியச் சிக்கல்களையும் ஓர் இளையவருக்குக் கற்றுக்கொடுக்க வைத்திருக்கலாம். சுயவிவரக் கோவைகளை எடுத்து, அடுத்த ஐந்து ஆண்டுகளில் 60ஐ எட்டுவோரை ஆண்டுவாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவருக்கு மட்டுமே தெரிந்த வேலை எது என்று குறியுங்கள். அதை எழுதும்போது அவரையே பக்கத்தில் இருத்திக் கேளுங்கள்.