ஒன்டாரியோவில் மான் வேட்டைக்கு முதல் கிராஸ்போ: சேலத்திலிருந்து புறப்படுபவர்களுக்கு

மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காக நான் ஏற்காட்டுக்கு வந்தால், அந்த ஆண்டு கனடாவுக்குப் புறப்படவிருக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். வாடகை, குளிர்கால உடை, பகுதிநேர வேலை என்று பேச்சு போகும். இம்முறை நாகலூரிலிருந்து வந்த நண்பரின் மகன், எல்லோரும் எழுந்து போன பிறகு, "மாமா, அங்கே மான் வேட்டைக்குத் துப்பாக்கின்னா லைசென்ஸ் வேணும், கிராஸ்போன்னா ஒண்ணும் வேண்டாம்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டான். கிராஸ்போ என்பது துப்பாக்கியைப் போலத் தோளில் வைத்து, விசையை அழுத்தி அம்பு எய்யும் வில். அவன் கேட்டதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அறியாமல் போகிறவர்கள் அபராதம் கட்டுகிறார்கள், விரலைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள், அல்லது ஒரு மானை வயிற்றில் அடித்துவிட்டு அது எங்கே போய் விழுந்தது என்று தெரியாமல் திரும்பி வருகிறார்கள். பதினான்கு ஆண்டுகளாகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வசித்து, அவற்றில் பெரும்பாலான இலையுதிர் காலங்களை மரத்தின் மேல் கழித்தவன் என்ற முறையில், அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நம் மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே மான் வேட்டை குற்றம். சேர்வராயன் மலையிலும் அடிவாரக் காடுகளிலும் எந்தக் கருவியாலும் ஒரு மானைத் தொட முடியாது. சேலத்துக்காரர்கள் மான் பார்க்க வேண்டுமென்றால் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குத்தான் போகிறோம். ஒன்டாரியோவில் வெள்ளைவால் மானை எந்தப் பகுதியில், எந்த மாதத்தில், எந்தக் கருவியால் வேட்டையாடலாம் என்பதை மாகாண அரசு பகுதிவாரியாக வகுத்து அனுமதிச் சீட்டு வழங்குகிறது. அந்த வரம்புக்குள் மட்டுமே அது சட்டபூர்வமானது. அங்கே கிடைத்த கொம்பை நினைவுப் பொருளாக ஊருக்கு எடுத்துவரும் எண்ணம் வேண்டாம். வனவிலங்குகளின் உடற்பகுதிகளை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. விமான நிலையச் சுங்கத்தில் அது எந்த நாட்டு மானின் கொம்பு என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க நேரிடும்.

இனி அந்தப் பாதி உண்மைக்கு வருகிறேன். கனடாவில் துப்பாக்கி உரிமம் இல்லாமலேயே கிராஸ்போ வாங்கலாம். ஆனால் மொத்த நீளம் 500 மில்லிமீட்டருக்கு மேற்படாததும், ஒரே கையால் குறிவைத்து எய்யக்கூடியதும் தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள்; இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கைத்துப்பாக்கி வடிவச் சிறு வில்லை வாங்குவதே குற்றமாகிவிடும். அடுத்து, வாங்குவது வேறு, வேட்டையாடுவது வேறு. மாகாணத்தின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வில்லையும் கிராஸ்போவையும் துப்பாக்கியோடு சேர்த்தே சுடுகருவி என்று வரையறுக்கிறது. ஆகவே ஹன்டர் எஜுகேஷன் பயிற்சியை முடித்துத் தேர்வில் தேற வேண்டும். பிறகு வில் வேட்டைக்கு உரிய ஹெச்2 வகை அவுட்டோர்ஸ் கார்டு எனும் மாகாண அரசின் அட்டையைப் பெற வேண்டும். அதன் மேல் மான் வேட்டை உரிமமும் அதற்கான சீட்டும் வாங்க வேண்டும். அந்த மாகாணவாசி என்ற முறையில் உரிமம் பெறுவதற்கு, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் தொடர்ந்து 6 மாதங்களாவது அங்கே வசித்திருக்க வேண்டும். செப்டம்பரில் இறங்குகிறவர்கள் அந்த ஆண்டின் வேட்டைக் காலத்தை மறந்துவிடுவதே நல்லது. பனிக்காலத்தில் பயிற்சி வகுப்பு, வசந்தத்தில் வில், கோடை முழுவதும் எய்து பழகுதல், அக்டோபரில் காடு என்ற வரிசைதான் நிதானமானது.

வில்லைத் தேர்ந்தெடுப்பதில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை வேகத்தைப் பார்த்து வாங்குவது. ஒன்டாரியோவில் மானுக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 45 கிலோ இழுவிசையும் 300 மில்லிமீட்டர் இழுநீளமும்தான். கடையில் வேட்டைக்கென்று விற்கப்படும் வில்கள் பொதுவாக 150 முதல் 200 பவுண்டு இழுவிசை உடையவை. 45 கிலோ என்பது ஏறக்குறைய 100 பவுண்டு என்பதால், அவற்றில் எதை எடுத்தாலும் மானுக்குப் போதும். ஆனாலும் விநாடிக்கு 400 அடி, 450 அடி என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்ததும், அவ்வளவு வேகம் இருந்தால் தொலைவிலிருந்தே அடித்துவிடலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கு ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 40 கஜம் என்பது 120 அடி. விநாடிக்கு 350 அடி வேகத்தில் போகும் அம்பு அந்தத் தொலைவைக் கடக்க ஏறத்தாழ 0.34 விநாடி எடுக்கும். ஒலியோ விநாடிக்கு சுமார் 1,100 அடி ஓடுவதால், நாண் அறையும் சத்தம் 0.11 விநாடியில் மானின் காதை எட்டிவிடும். மீதமிருக்கும் கால் விநாடிக்குச் சற்றே குறைந்த நேரத்தில், பாய்ந்து ஓடுவதற்காக மான் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகில் உரசிப் போகிறது. அதே மான் 20 கஜத்தில் நின்றால் அதற்குக் கிடைக்கும் நேரம் 0.12 விநாடிதான். அம்பின் வேகத்தில் கூடுதலாக ஐம்பது அடி சேர்ப்பதைவிட, மானுக்குப் பத்துக் கஜம் நெருக்கமாகக் காத்திருப்பது எப்போதும் பலன் தரும். முதல் இரண்டு ஆண்டுகள் 25 கஜத்துக்கு மேல் எய்வதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்குப் போதுமான வில்லைத் தேடினால் செலவும் குறையும்.

சாதாரண வளைவு வில், சக்கரம் பூட்டிய காம்பவுண்டு வில் என்று இரு வகை உண்டு. காம்பவுண்டு குறுகலானது, மரத்தின் மேல் கைக்கு அடக்கமாக இருக்கும். ஆனால் நாண் மாற்றக் கடைக்குத்தான் போக வேண்டும். வளைவு வில் அகலமானது, எளிய அமைப்பு, நாணை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். எதுவானாலும் கடையில் தோளில் வைத்துப் பாருங்கள். நம் உடல்வாகுக்கு அங்குள்ள பல வில்களின் பின்கட்டை நீளமாக இருக்கும். ஸ்கோப் எனும் குறிபார்க்கும் கண்ணாடிக்குள் கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டியிருந்தால் அந்த வில் உங்களுக்கு உரியதன்று. நாணேற்றும் கயிறு, அதாவது நாணைப் பின்னுக்கு இழுத்து விசைப் பூட்டில் மாட்ட உதவும் கயிறு, கட்டாயம் வாங்குங்கள். கப்பி முறையில் இயங்கும் அந்தக் கயிறு இழுக்கும் பாரத்தைப் பாதியாகக் குறைப்பதோடு, நாணின் இரு பக்கத்தையும் சமமாக இழுத்துக் கொடுக்கிறது. வெறுங்கையால் இழுக்கும்போது ஒரு பக்கம் அரை விரல்கடை கூடிவிட்டாலும் அம்பு பக்கவாட்டில் விலகிப் போகும். அப்போது குற்றம் ஸ்கோப்பில் இருப்பதாக எண்ணி அதைத் திருகிக்கொண்டே இருப்போம். வில்லுக்கென்று ஒதுக்கும் பணத்தில் கால் பங்கை அம்பு, முனை, இலக்குப் பெட்டி, மரத்தில் கட்டும் பாதுகாப்புப் பட்டை ஆகியவற்றுக்காகத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

அம்பின் பின்னால் நாண் வந்து பொருந்தும் இடத்துக்குத் தமிழில் குதை என்று பெயர். அந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். தட்டையான குதை, பிறை வடிவக் குதை, நாணைக் கவ்விக்கொள்ளும் குதை என்று பல உண்டு. உங்கள் வில்லின் கையேட்டில் எது குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதை மட்டுமே பயன்படுத்த வேண்டும். என் முதல் வில்லுக்கு அம்பு வாங்கப் போனபோது, நீளமும் எடையும் சரியாக இருக்கிறது என்று சொல்லி ஒரு கட்டு அம்பை எடுத்துக் கொடுத்தார்கள். கையேட்டில் பிறைவடிவம் என்று எழுதியிருந்தது. கட்டில் இருந்தவை தட்டை. மூன்றாவது முறை விசையை அழுத்தியதும் நாண் அம்பைத் தள்ளாமல் அதன் மேலேறிப் பாய்ந்தது. அம்பு பத்தடி தள்ளிப் புல்லில் விழுந்தது. வலப்பக்க வில்தகடு நீளவாக்கில் பிளந்து, அதிலிருந்து பெயர்ந்த சிராய் ஒன்று என் மூக்குக் கண்ணாடியின் சட்டத்தில் குத்தி நின்றது. கண்ணாடி அணியாதிருந்தால் அந்த நாள் வேறு விதமாக முடிந்திருக்கும். அம்பில்லாமல் வில்லை விடுவதும் இதே விளைவைத்தான் தரும், ஏனெனில் அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லிலேயே திரும்பி இறங்குகிறது. நண்பர்கள் யாரேனும் ஆசையாக வில்லை வாங்கிப் பார்த்தால், நாணேற்றாமல் மட்டும் கொடுங்கள்.

எய்யும்போது முன்கையின் கட்டைவிரல் அம்பு ஓடும் தடத்துக்கு மேலே ஒரு நூலளவும் எழக்கூடாது. நாண் கடக்கும் வேகத்தில் விரல் துண்டாகிவிடும். நாணேற்றிய வில்லை மெதுவாகத் தளர்த்த முடியாத வில்களே அதிகம் என்பதால், எய்யாமல் வீடு திரும்பும் நாளில் சாதாரண முனை பூட்டிய ஒரு பழைய அம்பை இலக்குப் பெட்டிக்குள் எய்துதான் அதை இறக்க வேண்டும். நாணேற்றிய வில்லோடு வண்டியில் ஏறவே ஏறாதீர்கள்.

எய்து பழக இடம் வேண்டுமே என்று வீட்டுக் கொல்லையில் தொடங்கிவிட வேண்டாம். பல நகராட்சிகள் குடியிருப்புப் பகுதியில் வில் எய்வதைத் தடை செய்திருக்கின்றன. வில்வித்தைக் கழகங்கள் நிறைய உண்டு, அங்கே கற்றுக்கொடுக்கவும் ஆள் இருப்பார்கள். ஸ்கோப்பை 20 கஜத்துக்குச் சரிசெய்த பிறகு, வேட்டை முனையோடும் எய்து பாருங்கள்; அம்பின் போக்கு மாறும். வேட்டை முனை குறைந்தது 22 மில்லிமீட்டர் அகலமும் இரண்டு கூரிய வெட்டுமுனைகளும் உடையதாக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். நின்றபடி மட்டும் பழகாமல் நாற்காலியில் உட்கார்ந்தும், தடித்த குளிர்ச்சட்டை அணிந்தும் பழகுங்கள். காட்டில் நீங்கள் அப்படித்தான் இருப்பீர்கள்.

தெற்கு ஒன்டாரியோவில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. நம் ஊரில் ஒரு தோட்டத்தின் வழியாக இன்னொரு தோட்டத்துக்கு நடந்து போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு, முடிந்தால் எழுத்திலும் வாங்கிக்கொண்டுதான் கால்வைக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் ஒரு விவசாயியைப் பார்த்துப் பழகி, வேலி கட்டுவதற்கோ வைக்கோல் ஏற்றுவதற்கோ ஒரு நாள் உதவினால் அனுமதி எளிதாகக் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

வேட்டைக்காரர்கள் அங்கே மரத்தில் பரண் கட்டிக் காத்திருப்பார்கள். நம் மலையில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிப்பவர்கள் விழுந்து இடுப்பொடிந்த கதைகளை நாம் அறிவோம். பரணிலிருந்து விழுவதும் அப்படியே. அங்கே வேட்டையில் ஏற்படும் கடுமையான காயங்களில் பெரும் பங்கு இதனால்தான் நேர்கிறது. உடல் முழுவதையும் பிணைக்கும் பட்டையை அணிந்து, தரையை விட்டுக் கால் எடுத்தது முதல் திரும்ப இறங்கும் வரை மரத்தோடு இணைத்தே இருங்கள். வில்லை, நாணேற்றாத நிலையில், நீங்கள் ஏறி அமர்ந்த பிறகு கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ளுங்கள். வேட்டைக்கான நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி, மறைந்த பின் அரை மணி வரை. துப்பாக்கிப் பருவம் நடக்கும் பகுதியில் ஆரஞ்சு நிற மேற்சட்டையும் தொப்பியும் கட்டாயம். வீடு திரும்பியதும் காலுறை முதல் காதுமடல் வரை உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கறுங்கால் உண்ணியால் லைம் நோய் வருகிறது.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது, அல்லது உங்களை விட்டுச் சாய்வாக விலகி நிற்கும்போது மட்டும் எய்யுங்கள். முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நுரையீரலும் இதயமும் இருக்கின்றன. எய்தவுடன் இறங்கி ஓடாதீர்கள். அது நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட மரத்தையும் மனத்தில் பதித்துக்கொண்டு அரை மணி நேரமாவது உட்காருங்கள். பிறகு அம்பை எடுத்துப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தமாக இருந்தால் நுரையீரல். மான் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரலாக இருக்கலாம், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையாகவும் நாற்றத்தோடும் இருந்தால் வயிறு. அப்போது ஆறு முதல் எட்டு மணி நேரம் காத்திருப்பது மனத்தை அறுக்கும். ஆனாலும் உடனே துரத்தினால் அது எழுந்து மைல் கணக்கில் ஓடி, யாருக்கும் கிடைக்காமல் சாகும். அனுபவமுள்ள ஒருவரை அழைத்துக்கொண்டு தேடுங்கள். கிடைக்கும் வரை தேடுவது உங்கள் கடமை.

கிடைத்ததும் சீட்டில் உரிய முறையில் குறியிட வேண்டும்; பருவம் முடிந்தபின் அரசுக்கு அறிக்கையும் அனுப்ப வேண்டும். ஒரு நாள்கூடக் காட்டுக்குப் போகாவிட்டாலும் சீட்டு வாங்கியவர் அறிக்கை தந்தே ஆக வேண்டும் என்பதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். வேட்டைக் கறியை விற்கக் கூடாது, பகிர்ந்துகொள்ளலாம். சமைக்கும்போது வெள்ளைக் கொழுப்பை ஒட்ட அறுத்து நீக்கிவிடுங்கள்; ஆட்டுக் கொழுப்பைப் போல அது மணக்காது, மெழுகாக நாக்கில் ஒட்டும். கொழுப்பு நீங்கிய கறி சீக்கிரம் வறண்டுவிடும் என்பதால் சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயும் தாராளமாக விட்டு, மூடி வைத்து, சிறு தீயில் நன்றாக வேகவிடுங்கள். மிளகை மட்டும் ஏற்காட்டிலிருந்தே கொண்டு போங்கள். நாகலூர்ப் பிள்ளைக்கு எங்கள் தோட்டத்து மிளகில் அரைக் கிலோ கட்டிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த ஆண்டு அக்டோபர் வரை அது கெடாது.