உங்கள் எடைக்கு எத்தனை கலோரி? கையாலேயே கணக்கிடலாம்

ட்ரெட்மில் திரையில் 300 கலோரி என்று காட்டினால், அது எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்று கேளுங்கள். எடையைக் கேட்காமல் எண்ணைக் காட்டும் இயந்திரம், தனக்குள் பதித்து வைத்த ஏதோ ஓர் எடையைக் கொண்டுதான் கணக்குப் போடுகிறது. நீங்கள் 50 கிலோ என்றால் உங்களுக்குத் தாராளமாக அள்ளிக் கொடுக்கும். 100 கிலோ என்றால் கஞ்சத்தனம் செய்யும்.

படி 1. எடையைக் கிலோவில் எழுதுங்கள். பவுண்டில் இருந்தால் 2.2-ஆல் வகுக்கவும்.

படி 2. பயிற்சிக்குரிய மெட் (MET) எண்ணை எடுங்கள்; ஓய்வில் இருப்பதைப்போல் எத்தனை மடங்கு ஆற்றல் அந்தப் பயிற்சிக்குச் செலவாகிறது என்பதே அது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடுவது 1 மெட், அதாவது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறக்குறைய 1 கலோரி. உடலியக்கங்களுக்கான மெட் தொகுப்பு 1993-இல் முதன்முதலில் வெளியானது. அதன் 2011 பதிப்பின்படி மணிக்கு 5.6 கி.மீ. வேக நடைக்கு 4.3, மணிக்கு 8 கி.மீ. ஓட்டத்துக்கு 8.3, ஹத யோகாவுக்கு 2.5.

படி 3. மெட் × எடை × நேரம். நேரம் மணிக்கணக்கில் இருக்க வேண்டும். அரை மணி என்றால் 0.5. அந்த வேக நடையை அரை மணி நேரம் நடந்தால் 60 கிலோக்காரருக்கு 129 கலோரி, 90 கிலோக்காரருக்கு 194. (3.5-ஆல் பெருக்கி 200-ஆல் வகுக்கும் சூத்திரத்தையும் பார்த்திருப்பீர்கள். அதில் 5 சதவீதம் கூடுதலாக வரும். அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.)

படி 4. பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மேலே வந்த விடைக்குள், நீங்கள் நடக்காமல் நாற்காலியில் இருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியும் சேர்ந்தே இருக்கிறது. பயிற்சியால் மட்டும் கூடுதலாகச் செலவானது எவ்வளவு என்று தெரிய, மெட் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்துவிட்டுப் பெருக்க வேண்டும். அப்போது 129 என்பது 99 ஆகிவிடும். 194 என்பது 149 ஆகும்.

மென்மையான பயிற்சிகளில்தான் இந்தக் கழித்தல் வலிக்கும். 60 கிலோக்காரரின் ஒரு மணி நேர யோகா 150-லிருந்து 90-க்கு இறங்குகிறது. அதே ஒரு மணி நேர ஓட்டமோ 498-லிருந்து 438-க்குத்தான். ஒரு நாளைக்கான மொத்தச் செலவைத் தனியாகக் கணக்கிட்டு, அதன் மேல் பயிற்சிக் கலோரியைக் கூட்டுபவர்கள் கழிக்காமல் விட்டால், ஓய்வுக் கலோரியை இரண்டு முறை எண்ணுகிறார்கள்.

படி 5. உங்கள் உடலைச் சுமப்பது யார்? நடை, ஓட்டம், படியேற்றம் எல்லாவற்றிலும் நீங்களே சுமக்கிறீர்கள். அதனால்தான் எடை கூடக் கூடச் செலவும் கூடுகிறது. நின்ற இடத்தில் மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிளில் இருக்கையே உங்களைச் சுமக்கிறது. அங்கே எடை பெரிதாக எடுபடாது. திரையில் வாட் காட்டினால் மெட்டை மறந்துவிட்டு, வாட் × மணி × 3.6 என்று போடுங்கள். 100 வாட்டில் ஒரு மணி நேரம் மிதித்தால் 60 கிலோவுக்கும் 90 கிலோவுக்கும் ஏறக்குறைய 360 கலோரிதான். உணவிலிருந்து வரும் ஆற்றலில் சுமார் கால் பங்கைத்தான் தசை வேலையாக மாற்றுகிறது என்பதால் இந்தக் குறுக்குவழி பொருந்துகிறது. சாலையில் மேட்டில் சைக்கிள் ஏறும்போது மட்டும் எடை மறுபடி கணக்குக்கு வந்துவிடும்.

கருவி என்று கேட்டால், ஸ்மார்ட் கடிகாரம் காட்டும் எண்ணைவிட மூன்று கட்டம் போட்ட எக்செல் தாளையே நம்புவேன். எண் எங்கிருந்து வந்தது என்றாவது தெரியும். ஓடுபவர்களுக்குத் தாளும் வேண்டாம்: கிலோமீட்டருக்கு, கிலோவுக்கு 1 கலோரி. 60 கிலோ, 5 கி.மீ., 300 கலோரி. வேகத்தால் இது அதிகம் மாறாது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை.

எடை குறைந்ததும் அதே நடைக்குக் கலோரி குறைகிறதே என்றால், ஆம், குறையத்தான் செய்யும். 90-லிருந்து 80 கிலோவுக்கு வந்தவரின் அரை மணி நடை 149-லிருந்து 132 ஆகிறது. நான்கைந்து கிலோ மாறும்போதெல்லாம் தாளில் எடையைத் திருத்துங்கள், கடிகாரத்தின் செயலியிலும்தான்.

உடலில் கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு சற்று மிகையாகவே வரும். ஓய்வில் ஒரு கிலோ கொழுப்பு, ஒரு கிலோ தசையைவிடக் குறைவாகவே செலவிடுகிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 769 பேரை அளந்தபோது, ஓய்வுச் செலவு கிலோவுக்கு மணிக்குச் சராசரியாக 0.84 கலோரிதான் இருந்தது.

சரிவு வைத்த ட்ரெட்மில்லில் கைப்பிடியில் சாய்ந்து நடப்பவர்களுக்கு இந்தச் சூத்திரம் எதுவும் பொருந்தாது. எடையில் ஒரு பகுதியைக் கைப்பிடி தாங்கிக்கொள்கிறது. எத்தனை கிலோ என்று திரைக்குத் தெரியாது. சரிவைக் குறைத்துக் கையை விட்டு நடங்கள், பிறகு கணக்கிடுங்கள்.