மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்திட்டுப் பாதரிட்டப் போகாதீங்க

மட்டக்களப்புப் பக்கம், எங்கட கத்தோலிக்கப் பங்கில் ஒரு கலியாணம். மண்டபம் பிடித்தாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று, கார்ட் அடித்து கல்லாறு தொடங்கி வாழைச்சேனை வரைக்கும் கொடுத்தும் முடிந்தது. கடைசியில்தான் பொம்பிளையின் தகப்பன் ஒரு கார்டோடு பங்கு மனைக்கு வந்தார். பாதர் கார்டைப் பார்த்தார், சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். "ஐயா, இது தவக்காலமெல்லோ?" என்றார். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின அந்த நாற்பது நாள் நோன்பில் கோயிலில் கலியாணம் வைப்பது அரிது. வந்தவருக்குப் பேச்சு வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து பங்கு அலுவலகத்தில் பதிவேட்டு வேலைக்கு உதவுகிறவன் நான். வருகிற தலையிடிகளில் முக்கால்வாசி இந்த ஒரு பிழையில்தான் தொடங்குகிறது. கோயிலையும் மண்டபம் மாதிரி நினைத்து, நாளைக் குறித்துவிட்டு 'புக்' பண்ண வருகிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்னமே, நாள் குறிக்காமல், வெறுங்கையோடு பாதரிடம் போங்கள். கார்ட் பிறகு அடிக்கலாம்.

நாள் விசயத்தில் சைவச் சொந்தம் உள்ள குடும்பங்களுக்குத்தான் கூடுதல் சிக்கல். அவர்கள் தையில் சுபநாள் பார்த்துச் சொல்வார்கள். 2027இல் விபூதிப் புதன் பெப்ரவரி 10, உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. அதாவது தை முடிய முன்னமே தவக்காலம் தொடங்கிவிடுகிறது. பெரிய வெள்ளியும் அடுத்த சனியும் கலியாணத்துக்கு அறவே இடமில்லை. தவக்காலத்தின் மற்ற நாட்களைச் சட்டம் முற்றாக மூடவில்லை; ஆனாலும் நான் பார்த்த பாதர்மார் அந்த நாற்பது நாளில் கலியாணம் வைப்பதில்லை, வைத்தாலும் பூ அலங்காரம் இல்லை. செப்டம்பர் தொடக்கத்தில் ஆயித்தியமலையில் மாதா திருநாள், 14ஆம் திகதி சொறிக்கல்முனையில் திருச்சிலுவைத் திருநாள் என்று சனம் திரளும். அந்த நாட்களில் பாதர்மாரைப் பிடிப்பதும் கஷ்டம், வாடகைக்கு வான் பிடிப்பதும் கஷ்டம்.

அடுத்தது ஞானஸ்நானப் பத்திரம். அம்மா பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, லெமினேட்டும் பண்ணிக் கொண்டுவருவார். அழகாகத்தான் இருக்கும், ஆனால் உதவாது. புதிதாக, ஆறு மாதத்துக்குள் எடுத்த பிரதி வேண்டும். ஏன் என்று பலருக்கும் தெரியாததால் 'பாதர் அலைக்கழிக்கிறார்' என்ற கோபம் வரும். ஒருவர் எங்கே கலியாணம் முடித்தாலும் அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குப் போய், அங்குள்ள பதிவேட்டில் அவருடைய பெயருக்கு நேரே எழுதப்படும். புதுப் பிரதியில் அந்தக் குறிப்பும் வரும். இருபத்தைந்து வருசத்துக்கு முந்தின பிரதியில் எப்படி வரும்? ஆள் ஏற்கெனவே கட்டியவரா இல்லையா என்று பாதர் பார்ப்பது அந்த இடத்தில்தான்.

1978 சூறாவளி, 1990 இடப்பெயர்வு, 2004 சுனாமி என்று பெட்டி பெட்டியாகப் பறிகொடுத்த ஊர் இது. எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் என்றே தெரியாதவர்கள் உண்டு. பயந்து ஒளிக்க வேண்டாம். பதிவு கிடைக்காவிட்டால், மறுப்பு ஏதும் இல்லாத இடத்தில், நேரில் கண்ட நம்பகமான ஒருவரின் வாக்குமூலமே போதும் என்று திருச்சபைச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ உயிரோடு இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இனி எங்கட பக்கத்தில் வழக்கமான ஒரு விசயம்: மச்சான் மச்சாள் கலியாணம். மாமி மகனுக்குக் கொடுப்பது நமக்கு உரிமை, பெருமையும்கூட. திருச்சபை அதை வேறு விதமாக எண்ணுகிறது. ஒருமுறை பாதர் கடித உறை ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினார். மேலே பொதுவான பாட்டன் பாட்டி. அவர்களை விட்டுவிட்டு, இந்தப் பக்கம் தாய், மகள் இரண்டு பேர். அந்தப் பக்கம் மாமா, மகன் இரண்டு பேர். மொத்தம் நாலு. நாலு வரைக்கும் இரத்த உறவுத் தடை. ஆயரிடம் விதிவிலக்கு வாங்காமல் கட்டினால் அந்தக் கலியாணமே செல்லாது. அந்த உறைக் கணக்கில் மாமா மகளும் சித்தப்பா மகளும் ஒன்றுதான். நமக்கு ஒருத்தி மச்சாள், மற்றவள் தங்கச்சி என்ற பேதம் அதற்குத் தெரியாது.

இதில் விடுகிற பிழை, சொல்லாமல் விடுவது. "சொந்தமெண்டு சொன்னா பாதர் விடமாட்டார், மறுகா பாப்பம்" என்பார்கள். விதிவிலக்கு கிடைக்காத ஒன்றல்ல. கேட்டு எழுதி, ஆயர் இல்லத்துக்குப் போய்வர நாள் எடுக்கும், அவ்வளவுதான். ஒளித்தால் ஓலை வாசிக்கும்போது, அதாவது இன்னாரும் இன்னாரும் கட்டப்போகிறார்கள் என்று கோயிலில் எல்லோருக்கும் சொல்லும்போது, வெளிவரும். மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதே அதற்குத்தான். பூசை முடிந்து படலையில் நிற்கிற ஒரு பெத்தா போதும், "அதுகள் ரெண்டும் சொந்த மச்சான் மச்சாளெல்லோ" என்று பாதர் காதில் போட.

மாப்பிள்ளை சைவம் என்றால் ஒரு கிழமையில் ஞானஸ்நானம் கொடுத்துக் கட்டிவைக்கலாம் என்று வருவார்கள். மதம் மாறித்தான் ஆகவேண்டும் என்ற சட்டம் இல்லை. ஆயரின் விதிவிலக்கோடு அவர் அவராகவே இருந்து கட்டலாம். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பது கத்தோலிக்கப் பக்கம். மற்றவருக்கு அது தெரிந்திருந்தால் போதும். மெதடிஸ்த மாப்பிள்ளை என்றால் அதற்குத் தனி அனுமதி. விசுவாசம் இல்லாமல் தண்ணீர் ஊற்றுவதை எந்தப் பாதரும் விரும்பமாட்டார், நானும் விரும்பவில்லை.

எழுத்து (பதிவுத் திருமணம்) முடிந்ததுதானே, கோயிலில் ஒரு ஆசீர்வாதம் மட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். கத்தோலிக்கருக்குப் பாதர் முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் சம்மதம் சொல்வதுதான் கலியாணம். மாறி, பாதரே பதிகிறவர் என்பதால் பதிவாளரிடம் போகத் தேவையில்லை என்று நினைப்பதும் பிழை. பதிவாளரிடம் கலியாண அறிவித்தல் கொடுத்து, அவர் தரும் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அறிவித்தலுக்கு ஆயுள் மூன்று மாதம். வெளிநாட்டு மாப்பிள்ளை விசாவுக்காக முன்னொரு காலம் வேறு ஒருத்தியோடு எழுத்து வைத்திருந்தால் அதை முதல் நாளே சொல்லுங்கள். விவாகரத்துத் தீர்ப்பு இல்லாமல் பதிவாளரும் நகரமாட்டார், பாதரும் நகரமாட்டார். முந்தினது கோயில் கலியாணமே என்றால் திருச்சபை நீதிமன்றம் வரை போகவேண்டும். அது மாதக் கணக்கு அல்ல.

திருமண ஆயத்த வகுப்பைக் கடைசிக் கிழமைக்குத் தள்ளாதீர்கள். சினிமாப் பாட்டுக் கேட்டுப் பாடகர் குழுவோடு சண்டை பிடிக்காதீர்கள். பியூட்டி பாலரில் இருந்து பொம்பிளை ஒரு மணித்தியாலம் பிந்தினால், பாதருக்கு அடுத்த துணைக் கோயிலில் பூசை இருக்கும் என்பதையும் யோசியுங்கள். தாலியை யார் கொண்டுவருவது என்பதை ஒரு ஆளின் பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். 'மற்ற வீட்டுக்காரரிட்ட இருக்கு' என்று இரண்டு வீடும் நினைத்து, மந்திரிக்கக் கேட்டபோது பீடத்தில் வெறும் தட்டு இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கையொப்பம் வைக்கிற நேரம் படப்பிடிப்பாளர் "இங்க பாருங்க, சிரிங்க" என்பார். எல்லோரும் கமராவைப் பார்ப்பார்கள், பதிவேட்டை யாரும் பார்ப்பதில்லை. பொம்பிளையின் பெயரில் ஒரு எழுத்துக் குறைந்து, விசாவுக்கு அனுப்பிய கட்டு முழுதாகத் திரும்பி வந்த கதை எங்கட பங்கிலேயே இருக்கிறது. பேனையைத் திறக்க முன்னம் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்துக் கூட்டி வாசியுங்கள். படப்பிடிப்பாளர் காத்திருப்பார், காசு வாங்குகிறார்தானே.